ஐந்து புடவைத் தூரம்

பிப்ரவரி 22, சனி

ரஞ்சித் காலையிலிருந்து வான்கோழி வேட்டையைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறார். வேட்டைக்குப் போகப்போவது நான்.

தண்ணீர்ப் பரிசோதனை லேபில் என் பக்கத்து மேஜைக்காரி டார்லின். அவளுக்கு லானோ ஊருக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நிலம் இருக்கிறது. லியாண்டரில் எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேர டிரைவ். போன ஏப்ரலில், சும்மா வந்து உட்கார், சுட வேண்டாம் என்று கூட்டிப்போனாள். ஒரு துணிக் கூடாரத்துக்குள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் வந்தது. எங்கோ மரத்திலிருந்து ஒரு வான்கோழிச் சேவல் கத்தியது, பதிலுக்கு இன்னொன்று கத்தியது. நடந்தது அவ்வளவுதான். ஆனால் மூன்று மணி நேரம் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. சாவி எங்கே என்று கேட்கவில்லை, பாஸ்வேர்டு என்ன என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் கவனித்தேன், தலைவலி இல்லை.

இந்த வருஷம் நானே சுடுவது என்று முடிவு. கிரீன் கார்டு வந்தாயிற்று, துப்பாக்கி வாங்கத் தடையில்லை. வேட்டைக்கான கோர்ஸை ஆன்லைனில் முடித்தேன், லைசென்ஸ் எடுத்தேன், 20 கேஜ் துப்பாக்கி ஒன்று வாங்கினேன். சின்ன ரகம், கைக்கு லேசு. தோட்டா மட்டும் பாக்கி.

அதைத்தான் இன்று தோசை ஊற்றும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"எந்த ஷெல்னு ரிசர்ச் பண்ணியா?" என்றார். லேப்டாப் திறந்தாயிற்று. போச்சு.

பிப்ரவரி 23, ஞாயிறு

"வாய் தவறி" என்று நேற்று எழுதியிருக்கிறேன். கட்டின புருஷனிடம் ஒரு விஷயம் சொன்னதற்கு இப்படியா எழுதுவார்கள்?

எழுதத்தான் வேண்டும். பின்கட்டில் கறிவேப்பிலைச் செடி வைத்தது நான். இப்போது அதற்கு ஈரம் அளக்கும் கருவி, பனிக்குப் போர்வை, போனில் அலாரம். நான் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால், "ஊத்திட்டியா? ரீடிங் பார்த்தியா?" சனிக்கிழமை பேட்மிண்டன் நான் ஆரம்பித்தது. கூட வந்தார், ஆறே மாதத்தில் கிளப்புக்கு அட்டவணை போடுகிறவர் ஆகிவிட்டார். எனக்கு எந்த கோர்ட், யாரோடு ஜோடி என்று அவரே எழுதி அனுப்பினார். முட்டி வலி என்று சொல்லி நின்றுவிட்டேன். எனக்கு முட்டி வலி கிடையாது.

கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் ஒரு சண்டை போட்டால் முடிந்தது.

மார்ச் 1, சனி

இவர் பேசுவது புரிய வேண்டும் என்பதற்காக நானும் உட்கார்ந்து படித்தேன். எனக்காக எழுதிக்கொள்கிறேன்.

ஷாட்கன் தோட்டாவில் குண்டு ஒன்றல்ல. உள்ளே நூற்றுக்கணக்கில் ரவை, சைக்கிள் பால்ரஸைவிடப் பொடி. வான்கோழியை உடம்பில் சுடக்கூடாது. இறகு தடிமன், சாகாது, காயம்பட்டு ஓடும். தலையும் கழுத்தும்தான் குறி. தலை ஒரு எலுமிச்சம்பழ அளவு, அதுவும் ஒரு நொடி சும்மா இருக்காது. அதனால் ரவை நெருக்கமாக விழ வேண்டும். துப்பாக்கி வாயில் சோக் என்று ஒரு துண்டைத் திருகினால் இன்னும் நெருங்கும்.

ரவைக்கு நம்பர் உண்டு. நம்பர் ஏற ஏற ரவை சின்னது. ஈயம் என்றால் ஐந்து, ஆறு. டங்ஸ்டன் ஈயத்தைவிட ரொம்பக் கனம், அதனால் ஒன்பதாம் நம்பர் பொடியே தூரம் போய்த் தைக்கும். விலையும் அப்படியே தைக்கும்.

டார்லின் என்ன போடுகிறாள் என்று கேட்டேன். ஈயம், ஆறாம் நம்பர், அவள் அப்பா காலத்திலிருந்து என்றாள். ரஞ்சித்திடம் சொன்னேன். "அது பழைய காலத்து டெக்னாலஜி" என்றார், முகம் சுளிக்காமல்.

மார்ச் 8, சனி

அட்டவணை தயார். பதினோரு தோட்டாக்கள் வரிசையாக. ரவை எண்ணிக்கை, வேகம், எவ்வளவு தூரம் போகும், ரிவ்யூ என்ன சொல்கிறது, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். எங்கள் மகள் வெண்பாவுக்கு டேகேர் பார்த்ததும் இப்படித்தான், மினிவேன் வாங்கியதும் இப்படித்தான். பாவம், இந்த வீட்டுக்குள் எதுவும் மார்க் வாங்காமல் நுழைந்ததில்லை.

முதலிடம், மூன்று அங்குல டங்ஸ்டன், ஒன்பதாம் நம்பர். "சிக்ஸ்டி யார்ட்ஸ் வரைக்கும் லீத்தல்" என்றார். அறுபது கஜம். கஜம் என்ற வார்த்தையைப் புடவைக் கடைக்கு வெளியே நான் கேட்டதே இல்லை.

"இதுல தோள்பட்டைக்கு மார்க் எங்கீங்க?" என்று கேட்டேன்.

"அது சப்ஜெக்டிவ், பிரியா."

மார்ச் 9, ஞாயிறு

வெண்பா ஹூஸ்டனிலிருந்து வீடியோவில் வந்தாள். அப்பா அரை மணி நேரம் டங்ஸ்டன் பாடம் எடுத்தார். அவர் எழுந்து போனதும் குரலைத் தாழ்த்தி, "அம்மா, டூ யூ ஈவன் வாண்ட் ஹிம் தேர்?" என்றாள்.

"லைன் கட்டாகுது கண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 15, சனி

இன்று தமிழ்ச் சங்கத்துப் பாட்லக். நான் எலுமிச்சை சாதம் ஒரு ட்ரே. அந்த நேரத்தில் ரஞ்சித் என் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ரேஞ்சுக்குப் போய் எல்லாத் தோட்டாவையும் பேப்பரில் சுட்டுப் பார்த்து வந்துவிட்டார். அவரும் கோர்ஸ் முடித்திருக்கிறார், என்னைவிட இரண்டு மார்க் கூட. சாதம் கிளறிக்கொண்டிருந்த என் முகத்துக்கு நேரே பேப்பரை விரித்தார். நாற்பது கஜத்தில் சுட்டது. நடுவில் வட்டத்துக்குள் சல்லடை.

"தோள்ல வெச்சு சுட்டீங்களா?"

"இல்லல்ல, ஸ்டாண்டுல ஃபிக்ஸ் பண்ணிட்டேன். அப்பத்தான் டேட்டா க்ளீனா இருக்கும்."

என் துப்பாக்கியால் முதல் பேப்பரைச் சுட்டது நானில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். ட்ரேயை மூடும் அலுமினியத் தாள் எங்கே என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

அவர் தேர்ந்தெடுத்ததை நான் மூன்று முறை சுட்டேன். முதல் வெடி தோளில் குத்தியது. இரண்டாவதுக்கு வெடிக்கும் முன்பே கண் மூடிக்கொண்டது. மூன்றாவது பேப்பரிலேயே படவில்லை.

"பழகிரும்" என்றார்.

"சரிங்" என்றேன். எதற்குச் சொன்னேன்?

மார்ச் 18, செவ்வாய்

லேபில் மேல் தட்டிலிருந்து பாட்டில் எடுக்கக் கை தூக்க முடியவில்லை. டார்லின் பார்த்தாள். சட்டைக் கழுத்தை விலக்கிக் காட்டினேன். கத்திரிக்காய் நிறம். எந்தத் தோட்டா என்று கேட்டாள், சொன்னேன். உன் எடை என்ன என்று கேட்டாள், அதைச் சொல்லவில்லை. அந்தத் துப்பாக்கிக்கு அது மிகையாக இருக்கலாம், நீயே நாலு ரகம் சுட்டுப் பாரேன் என்றாள்.

பார்க்கலாம் என்றேன். பார்க்கவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

நாளை. ரஞ்சித்தும் வருகிறார். "தனியாவா போவ? நான் டிஸ்டன்ஸ் பார்த்துச் சொல்றேன், நீ சுட்டா மட்டும் போதும்" என்றார். தூரம் அளக்கும் கருவி வாங்கியிருக்கிறார், கண்ணில் வைத்துப் பார்ப்பது. கழுத்தில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே ஃபிரிட்ஜுக்கு எத்தனை, டிவிக்கு எத்தனை என்று அளந்துகொண்டிருக்கிறார். சிரிப்பு வந்தது. சிரித்தேன், அவரும் சிரித்தார்.

ஏப்ரல் 5, சனி

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

விடியும் முன்பே கூடாரத்தில் உட்கார்ந்தோம். டார்லின் எங்களுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் ஒரு ஓக் மரத்தடியில் இருந்து கொண்டு பெட்டை மாதிரி கூப்பிட்டாள். கையில் ஒரு மரப்பெட்டி, மூடியை உரசினால் அச்சு அசல் பெட்டைக் குரல். முன்னால் பொம்மைக் கோழி ஒன்று. ரஞ்சித் கருவியைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. அந்தக் கல்லு முப்பத்தி மூணு, அந்தக் கள்ளி நாப்பத்தொண்ணு என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். சேவல் கத்தியது எனக்குப் பாதிதான் கேட்டது.

ஏழரை மணி வாக்கில் சேவல் வந்தது. வேலி ஓரமாக, வாலை விசிறி மாதிரி விரித்துக்கொண்டு, நெஞ்சில் தாடி மாதிரி ஒரு கற்றை தொங்க. எவ்வளவு அழகு. கிட்டே வரவில்லை. நின்றது, திரும்பியது, மறுபடி நின்றது.

"அம்பத்திரெண்டு" என்றார். "ஓகேதான். போடு."

தலை அங்கே குண்டூசி மாதிரி இருந்தது. "தூரமுங்க" என்றேன்.

"டேபிள்ல அறுவது வரைக்கும் ஓகே. திரும்புது பாரு, போடு பிரியா, போடு, போடு."

போட்டேன். கண் மூடியது, தெரியும் எனக்கு, தோள் குத்துக்குப் பயந்து முன்னாலேயே மூடியது. திறந்தபோது சேவல் கீழே கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. ரஞ்சித் என் முதுகில் தட்டினார். அதற்குள் எழுந்துவிட்டது. ஒரு இறக்கை தரையில் இழுபட ஓடியது. சீடர் மரப் புதருக்குள் போய்விட்டது.

மத்தியானம் வரை தேடினோம். டார்லின் தவழ்ந்துகூடப் பார்த்தாள். நாலு இறகு, ஒரு கல்லில் கொஞ்சம் ரத்தம். அவ்வளவுதான். ஐம்பத்திரண்டு கஜம் ரொம்பத் தூரம் என்று மட்டும் சொன்னாள் டார்லின். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரும்பி வரும் வழியெல்லாம் ரஞ்சித் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று பேசிக்கொண்டு வந்தார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சமைக்கவில்லை. பீட்சா.

ஏப்ரல் 7, திங்கள்

டார்லின் லேபில் சொன்னாள், நேற்று சாயங்காலம் ஓடைக்கு அந்தப் பக்கம் கழுகு சுற்றியதாம். போய்ப் பார்த்தாளாம். அதுதான்.

ஒரு ராத்திரி முழுக்க உயிரோட கெடந்திருக்கும். எங்கயோ புதருக்குள்ள. நான் வீட்டுல ஏசி போட்டுப் படுத்திருந்தேன். அந்தப் பறவை எனக்கு என்ன பண்ணுச்சு? அவர் சொன்னார், அவர் சொன்னார்னு எத்தனை நாளைக்குச் சொல்றது? ட்ரிக்கர்ல இருந்தது என் விரல்தானே. தூரம்னு தெரிஞ்சுது. தெரிஞ்சும் போட்டேன். வேண்டாம்னு சொல்ற அந்த ரெண்டு நிமிஷச் சங்கடத்துக்குப் பயந்து போட்டேன்.

இதெல்லாம் நெஞ்சில் இருக்க, வீட்டுக்கு வந்தால் இவர், "இன்னொரு ஷெல் பார்த்திருக்கேன் பிரியா, பவுடர் கொஞ்சம் ஜாஸ்தி. ஆர்டர் போட்டுட்டேன்" என்கிறார்.

"ஏனுங்க, தப்பு ஷெல்லுல இல்லீங்க."

"இல்ல, டேட்டா பார்த்தீன்னா..."

"நீங்க வர வேண்டாங்க."

"எங்க?"

"அங்க. இனிமே நான் மட்டும் போய்க்கறேன். தோட்டாவும் நானே பார்த்துக்கறேன்."

சத்தம் போடவில்லை நான். தயிர் பாக்கெட்டை எடுத்து வெளியே வைப்பதுபோலச் சாதாரணமாகத்தான் சொன்னேன். அவர் முகம்தான் சட்டென்று இறங்கிவிட்டது. லேப்டாப்பை மூடினார். இருபது வருஷத்தில் பேச்சின் பாதியில் அவர் லேப்டாப்பை மூடி நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 9, புதன்

பேச்சில்லை. பாத்திரம் கழுவுகிறார், வழக்கத்தைவிடச் சத்தமாக. கறிவேப்பிலைக்கு இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. நான் ஊற்றினேன். ரீடிங் பார்க்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். ரஞ்சித் லீவு போட்டுக் கோவிலுக்குப் போனார், பால்குடம். ஊரில் இருந்தால் பழனிக்கு நடந்திருப்பார். நானும் விரதம்தான். வீட்டில் இன்று முட்டைகூடக் கிடையாது.

எனக்கும் லீவு. காலையில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ரேஞ்சுக்குப் போனேன். உத்திரத்தன்று துப்பாக்கி எடுக்கலாமா? பேப்பரில் கவுச்சி கிடையாது. முருகனுக்கும் வேல் பழக்கம் உண்டுதானே என்று எனக்கு நானே சமாதானம்.

கடையில் நாலு ரகம் ஒவ்வொரு பெட்டி வாங்கியிருந்தேன். எல்லாம் ஈயம், எல்லாம் சின்னத் தோட்டா, இரண்டே முக்கால் அங்குலம். ஸ்டாண்டு வேண்டாம் என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்து, முட்டியில் கை ஊன்றி, தோளில் வைத்துச் சுட்டேன். பேப்பரில் வட்டம் போடவில்லை, கோழித் தலையும் கழுத்தும் நானே வரைந்தேன். வெண்பா பார்த்தால் ஒட்டகமா என்று கேட்பாள்.

ஐந்தாம் நம்பர் ஒன்று கழுத்தைச் சுற்றி ஓட்டை போட்டது, கழுத்தில் போடவில்லை. ஆறாம் நம்பரில் ஒரு ரகம் மட்டும் நன்றாக விழுந்தது. இருபதில் அடர்த்தி. முப்பதில் தலையிலும் கழுத்திலுமாகப் பதினைந்துக்குக் குறையவில்லை, மூன்று பேப்பரிலும். முப்பத்தைந்தில் இடைவெளி தெரிந்தது. ஒரு பேப்பரில் கழுத்தில் மூன்றே மூன்று. அதை நெருங்கிப் போய்ப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

முக்கியமாக, கடைசி வரை கண் மூடவில்லை. வெடித்த பிறகும் பேப்பர் தெரிந்தது.

ஆக, ஈயம், ஆறாம் நம்பர், முப்பது கஜம். முப்பதுக்கு மேலே எவ்வளவு பெரிய சேவல் வந்து பரதநாட்டியம் ஆடினாலும் துப்பாக்கியைத் தூக்குவதில்லை.

இவர் குங்குமமும் பாலுமாகத் திரும்பி வந்தார். என் சட்டையில் வெடிமருந்து வாசம். பிரசாதம் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

முப்பது கஜம் என்று முடிவு பண்ணிவிட்டேன், சரி. முப்பது கஜம் எவ்வளவு என்று எனக்கு எப்படித் தெரியும்? கழுத்தில் கருவி மாட்டிக்கொள்ள இஷ்டமில்லை. காருக்கு இத்தனை அடி, ரோட்டுக்கு இத்தனை அடி என்றால் மனசில் நிற்பதில்லை. புடவை நிற்கும். ஒரு புடவை ஆறு கஜம். ஐந்து புடவை முப்பது.

காலையில் ஐந்து பழைய காட்டன் புடவையை எடுத்துக்கொண்டு பக்கத்துப் பார்க்குக்குப் போனேன். ப்ளவுஸ் வெட்டினதாகப் பார்த்து எடுத்தேன். வெட்டாதது கொஞ்சம் நீளம், ஐந்து சேர்ந்தால் நாலு கஜம் கூடிவிடும், கோழி காயம்பட்டு ஓடும். ஒன்றன் பின் ஒன்றாகப் புல்லில் நீட்டி, ஓரத்தில் கல் வைத்து, இந்த முனையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அந்த முனையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் குச்சியில் குத்தி நட்டேன். கண்ணை மூடித் திறந்து, எழுந்து நடந்து, மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். பிறகு புடவையைச் சுருட்டிவிட்டு வெறும் புல்லில் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் கண்ணுக்குள் வந்துவிட்டது.

நடைக்கு வந்த ஜலஜா ஆன்ட்டி நின்றார். "என்னடி ப்ரியா, பார்க்குல புடவை காயப்போடறே? டிரையர் ரிப்பேரா?"

"ஆமா ஆன்ட்டி" என்றேன். சுத்த சைவம், ஏகாதசிக்குப் பட்டினி. உண்மையைச் சொன்னால் நாலு நாள் தூங்கமாட்டார்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. வேலை முடிந்து வந்து வடை சுட்டேன், பாயசம் வைத்தேன். ரஞ்சித் வந்து அடுப்படியில் நின்றார். ஒரு வாரம் கழித்து அவராகப் பேசினார்.

"அன்னிக்கு நீ சுட்டப்ப நான் கோழியவே பாக்கல பிரியா."

"பின்ன?"

"பேரல் எந்தப் பக்கம் திரும்புதுன்னுதான் பார்த்துட்டிருந்தேன். நீ துப்பாக்கி வாங்கின நாள்ல இருந்து எனக்குப் பயம். காட்டுக்குள்ள, நெட்வொர்க்கும் சரியாக் கெடைக்காது. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா வெண்பாகிட்ட நான் என்ன சொல்றது?"

"அதுக்கு டங்ஸ்டன் என்னங்க பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது" என்றார். "ஷெல்லுல மட்டும்தான் எனக்கு ஏதாவது பண்ண முடிஞ்சுது."

வடை கருகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, மனுஷர் பதினோரு தோட்டாவுக்கு மார்க் போட்டதற்குப் பதில். பாவமாக இருந்தது. "சரி, வாங்க" என்பது நாக்கு நுனி வரை வந்தது.

சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இதுவும் பேட்மிண்டன் மாதிரிதான். கூடாரத்திலிருந்து எப்போது கிளம்புகிறேன் என்று மெசேஜ் போடுகிறேன், டார்லின் வீட்டு லேண்ட்லைன் நம்பர் தருகிறேன், துப்பாக்கியில் தோட்டா இருக்கும்போது எழுந்து நடக்கமாட்டேன் என்று மட்டும் சொன்னேன். தலையாட்டினார். முழுச் சம்மதம் இல்லை. ஆனாலும் ஆட்டினார்.

ஏப்ரல் 26, சனி

தனியாகப் போனேன். டார்லின் ஓடைப் பக்கம் அவள் இடத்தில், நான் கூடாரத்தில். மரப்பெட்டியை நானே உரசினேன், முதலில் பெட்டை போலவே இல்லை, கதவுக் கீல் போல இருந்தது. இருந்தும் ஒரு சேவல் வந்தது.

ஆறரைப் புடவை. அங்கேயே நின்று ஆடியது. பத்து நிமிஷம் இருக்கும். போடு, போடு என்று என் தலைக்குள்ளேயே ஒரு குரல், இன்னார் குரல் என்று சொல்ல வேண்டியதில்லை. விரலை ட்ரிக்கர் பக்கமே கொண்டு போகவில்லை. அது பாட்டுக்கு வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும், "என்ன ஆச்சு?" என்றார்.

"வந்துச்சுங்க. தூரத்துலயே நின்னுருச்சு."

"எத்தனை..." என்று ஆரம்பித்தவர், "சரி, கை கழுவு" என்று முடித்துக்கொண்டார்.

வெறும் கையோடு வந்து இவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் கடையிலிருந்தும் வந்ததில்லை.

மே 3, சனி

மழை. போகவில்லை.

மே 10, சனி

சீசன் முடியப்போகிறது. இன்றைக்கு விட்டால் அடுத்த வருஷம்தான்.

எட்டு மணிக்கு மேல் வெயில் ஏறிவிட்டது, இனி வராது என்று நினைத்தேன். சத்தமே போடாமல் இடது பக்கத்திலிருந்து ஒன்று வந்தது. கத்தவில்லை, ஆடவில்லை. ஏழாவது புடவை. ஆறாவது. ஒரு கல்லைச் சுற்றி வந்தது. ஐந்தாவதுக்குள் கால் வைத்தபோது துப்பாக்கி முட்டி மேல் தயாராக இருந்தது. நாலாவது புடவை நடுவே பொம்மைக் கோழியைப் பார்த்து நின்று, கழுத்தை நீட்டியது.

கண் மூடவில்லை. விழுந்ததைப் பார்த்தேன். எழவில்லை.

அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. தோட்டாவை வெளியே எடுத்து, துப்பாக்கியைச் சாத்தி வைத்துவிட்டு நடந்து போனேன். கழுத்தைத் தொட்டால் சூடு. இறகு கறுப்பு என்று நினைத்திருந்தேன், வெயிலில் செம்பும் பச்சையுமாக மினுங்கியது. கையெடுத்துக் கும்பிட்டேன். அதனிடமா, போன மாதத்துப் பறவையிடமா, தெரியவில்லை. லைசென்ஸோடு வந்த வான்கோழிச் சீட்டைக் கிழித்து, சட்டப்படி தேதி எழுதிக் காலில் கட்டினேன்.

உடனே யாருக்கும் சொல்லவில்லை. அரை மணி நேரம் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். வெடிச் சத்தம் கேட்ட டார்லினும் வரவில்லை. நானாகக் கூப்பிடட்டும் என்று இருந்திருக்கிறாள். பிறகுதான் ரஞ்சித்துக்கு மெசேஜ் போட்டேன். "கெடச்சுது. நான் நல்லா இருக்கேன்."

வீட்டில் டிரைவ்வேயிலேயே நின்றிருந்தார். காரைச் சுற்றி வந்து முதலில் என் தோளைத்தான் பார்த்தார். "வலிக்குதா?"

"இல்லீங்க."

கராஜில் பழைய பேப்பர் விரித்து, வெந்நீர் ஊற்றி, இறகு பிடுங்கினோம். இறக்கையை எந்தப் பக்கம் பிடிக்கணும் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். அப்படியே பிடித்தார்.

மே 11, ஞாயிறு

நெஞ்சுக் கறியைப் பொடியாக நறுக்கி, வரமிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்டுப் பள்ளிபாளையம் வறுவல். கால் கறி சரியான முரடு, எட்டு விசில் விட்டும் ரப்பர் மாதிரி இருந்தது, இன்னும் ஆறு விட்டேன். குழம்பு பிரமாதம். ரஞ்சித் மூன்றாவது முறை சாதம் போட்டுக்கொண்டார். கடைவாயில் ஒரு ரவை கடிபட, எடுத்துத் தட்டு ஓரத்தில் வைத்தார். அது என்ன நம்பர் என்று அவருக்குச் சொல்ல ஆசை இருந்திருக்கும். சொல்லவில்லை.

"அங்க தனியா உக்காந்துட்டு என்ன நெனைப்ப?" என்று கேட்டார்.

"ஒண்ணும் நெனைக்கமாட்டேங்க. அதுக்குத்தான் போறேன்."

புரிந்ததா என்று தெரியவில்லை. மதர்ஸ் டேக்கு வெண்பா கூப்பிட்டபோது போட்டோவைக் காட்டி, "உங்கம்மா ஒரே ஷாட்" என்றார்.

நவம்பர் 27, வியாழன்

தேங்க்ஸ்கிவிங். வெண்பா வந்திருக்கிறாள். டார்லினைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். வான்கோழி வைக்கவில்லை, மட்டன் பிரியாணி. டார்லின் கண்ணில் தண்ணீர் வர வரச் சாப்பிட்டாள்.

வசந்த கால வேட்டைக்கு இப்போதே இடம் பிரித்துக்கொண்டிருக்கிறாளாம், அவள் அண்ணன் வீட்டாரும் வருகிறார்கள். உங்கள் வீட்டிலிருந்து எத்தனை பேர் என்று கேட்டாள். எனக்கு நேர் எதிரே ரஞ்சித் உட்கார்ந்திருந்தார். கையில் ரைத்தாக் கிண்ணம்.

"ஒரே ஒருத்தர்" என்றேன்.

வெண்பா அப்பாவைப் பார்த்தாள். அவர் ரைத்தாவை டார்லின் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அன்னிக்கு நான் எந்திரிச்சு உனக்குச் சாப்பாடு கட்டித் தர்றேன்" என்றார் என்னிடம். "புளிசாதமா, தயிர்சாதமா?"

புளிசாதம் என்றேன்.